வெள்ளைப் பொட்டு வைத்த விமானம்

“ஏரியில ஏரோப்ளேன் எறங்கும்டா. கப்பலுக்கு றெக்கை முளைச்ச மாதிரி இருக்கும்.”

தாத்தா இதைச் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் நம்பவில்லை. அந்த வயதிலேயே எனக்கு விமானப் பைத்தியம் பிடித்திருந்தது. ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், ஜப்பானின் ஜீரோ என்று நோட்டு முழுக்கப் படம் வரைந்து, இறக்கை நீளம், எஞ்சினின் குதிரைத்திறன் எல்லாம் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பேன். இரண்டாம் உலகப் போர் இங்கிலாந்தின் வானத்திலும் பசிபிக் கடலுக்கு மேலும் நடந்தது என்பதுதான் என் எண்ணம். செங்குன்றத்தில், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய புழல் ஏரியில் போர் விமானம் இறங்கியது என்றால் எப்படி நம்புவது? சக்கரம் தண்ணீரில் எப்படி ஓடும் என்று கேட்டேன். “சக்கரம் ஏது? வயித்தால எறங்கும்” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் அதற்குமேல் பேசவில்லை.

தாத்தா 2009-ல் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு ராத்திரி, பறக்கும் படகுகளைப் பற்றி, அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் போர்க்காலத்தில் எந்தெந்தத் தளங்களில் இருந்தது என்று ஒரு பட்டியல். அதில் 1942 ஜூலை என்று போட்டு, பக்கத்தில் ‘ரெட் ஹில்ஸ் லேக்’, அதாவது செங்குன்றம் ஏரி, என்று இருந்தது. எங்கள் ஊர். எங்கள் ஏரி. கேட்டலினா என்ற பறக்கும் படகுகள் அங்கிருந்துதான் வங்காள விரிகுடா முழுவதையும் சுற்றி வந்திருக்கின்றன. 1944-ல் 628-ஆம் ஸ்குவாட்ரன் என்று இன்னொரு படைப்பிரிவையும் அதே ஏரியில் தொடங்கிச் சில மாதங்கள் நடத்தியிருக்கிறார்கள். தாத்தா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வயிற்றால் இறங்கும் என்பது உட்பட.

அவருடைய குரலை ஒரு நிமிடம்கூட நான் பதிவு செய்து வைக்கவில்லை. இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: விமானத்தைத் தேடுவதற்கு முன்னால் வீட்டில் தேடுங்கள். எண்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். “அது எந்த விமானம்?” என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. படத்தைக் காட்டி “இதுதானே?” என்றால் பிள்ளை ஆசைப்படுகிறானே என்று ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். “நீங்க எங்க நின்னீங்க? கையில என்ன வெச்சிருந்தீங்க? சத்தம் எப்படி இருந்துச்சு? உங்க அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள். பதில் அங்கிருந்துதான் வரும்.

அந்த விமானங்கள் ஏன் வந்தன என்பதற்கு 1942 ஏப்ரலுக்குப் போக வேண்டும். அந்த மாதம் 4-ஆம் தேதி, இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கல ஏரியிலிருந்து லெனார்ட் பர்ச்சல் என்ற கனடா நாட்டு விமானி ஒரு கேட்டலினாவில் கிளம்பினார். நாள் முழுக்கக் கடலின் மேல் சுற்றி, மாலை நேரத்தில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல் படையைக் கண்டார். வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோ விமானங்கள் சூழ்ந்து சுட்டு வீழ்த்தின. உள்ளே இருந்த ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். ஆறு பேரை ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டு விழுந்தபோது துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் வெளியேறியிருந்தன. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். 307 பேர் அதோடு போனார்கள்.

மதராஸ் அந்த வாரத்தில் காலியானது. பெரியவர்கள் அதை ‘எவாக்குவேஷன்’ என்றே சொல்வார்கள், தமிழ்ச் சொல்லைப் போல. மூட்டை முடிச்சோடு ரயில் ஏறியது, வாடகைக்கு ஆளில்லாமல் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தது என்றெல்லாம் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று சிங்கம், புலி முதலிய விலங்குகளைச் சுட்டே கொன்றுவிட்டார்கள். அந்தப் பீதிக்கு மூன்று மாதம் கழித்துத்தான் கேட்டலினாக்கள் எங்கள் ஏரிக்கு வந்தன. கடலில் எது வருகிறது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டியிருந்தது.

கேட்டலினாவைப் போல அழகான இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. அழகு என்பதில் சண்டைக்கு வருவோர் உண்டு. ஸ்பிட்ஃபயர் ரசிகர்கள் இதை நிச்சயம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகில் ஒரு தூண். தூணின் மேல் 31.7 மீட்டர் நீளத்துக்கு ஒரே இறக்கை. அதில் தலைக்கு 1,200 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின்கள், தண்ணீர் தெறிக்காத உயரத்தில். இறக்கையின் இரண்டு நுனியிலும் மிதவைகள் உண்டு. இறங்கும்போது கீழே வந்து படகு சாயாமல் தாங்கும். மேலே போனதும் மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். வால் பக்கம் இரண்டு விலாவிலும் முட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டியது போலக் கண்ணாடிக் கூடுகள். துப்பாக்கி வைக்கவும் கடலைப் பார்க்கவும் அவை. வேகம் கிடையாது, மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். ஆனால் ஒருமுறை கிளம்பினால் இருபது மணி நேரத்துக்கு மேல் பறந்துகொண்டே இருக்கும். உள்ளே சமைத்துச் சாப்பிடலாம், முறை வைத்துத் தூங்கலாம்.

இதே வகை விமானத்தில்தான் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் 1943 முதல் 1945 வரை பெர்த் நகரத்துக்கும் கொக்கலவுக்கும் இடையில் பயணிகளை ஏற்றிச் சென்றது. 27 முதல் 33 மணி நேரம் நிற்காத பயணம். ஜப்பானியர் கண்ணில் படக்கூடாது என்று வானொலியைத் தொடமாட்டார்கள். நட்சத்திரம் பார்த்தே வழி. ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயத்தைப் பார்த்ததற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

கேட்டலினாவில் இரண்டு வகை. பின்னால் வந்த ஒரு வகைக்குச் சக்கரம் உண்டு, தரையிலும் இறங்கும். முதல் வகைக்குச் சக்கரமே கிடையாது. கரையேற்ற வேண்டுமானால் ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கி, கழற்றி மாட்டும் சக்கர வண்டியைப் படகின் விலாவில் பொருத்தி, சரிவுப் பாதையில் இழுத்து ஏற்ற வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஏரி நடுவில் மிதவையில் கட்டிக் கிடக்கும். சிறுவயதில் நான் பார்த்த படம் சக்கரம் வைத்தது. தாத்தா பார்த்தது சக்கரம் இல்லாதது. ஒரே பெயரில் பல உருவங்கள் இருக்கும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் சறுக்கும் இடம். விமானத்தின் பெயரோடு நிறுத்தாமல் எந்த மார்க் (அதாவது அதே விமானத்தின் எத்தனையாவது வடிவம்), எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்று கேட்டுப் பழகுவது நல்லது.

2019 ஜூனில் புழல் ஏரி வறண்டது. 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரியில் மாடுகள் மேய்ந்தன. சென்னையே குடத்தோடு தெருவில் நின்ற அந்த நேரத்தில், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, எனக்கு ஒரு ஆசை வந்தது. தண்ணீருக்கு அடியில் இருந்த தரை வெளியே வந்திருக்கிறது; ஏதாவது தடயம் இருக்காதா? காலை ஐந்தரை மணிக்குப் போனேன். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. பாளங்களின் நடுவே கால் சிக்காமல் நடப்பதே பெரும்பாடு. உடைந்த வலைகள், மண்பானை ஓடுகள், செத்த மீனின் வாடை. ஒரு மணி நேரம் கழித்து அதைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டை. அதன் உச்சியில் என் கட்டைவிரல் தடிமனில் துருப்பிடித்த இரும்பு வளையம். விமானம் கட்டிய வளையம்தான் என்று முடிவே செய்துவிட்டேன். கை நடுங்கியது. நாற்பது போட்டோ எடுத்தேன்.

அடுத்த மாதம் ஊரிலுள்ள நூலகத்தில் இருபது பேர் கூடிய ஒரு கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டிப் பேசினேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் மெதுவாக எழுந்து வந்தார். ஏரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, நல்லா பேசினீங்க. ஆனா அந்த வளையத்தை நான்தான் பதிச்சேன். எழுபத்தாறுல. அளவு எடுக்குற படகைக் கட்டுறதுக்கு” என்றார். மற்றவர் காதில் விழாமல் என்னிடம் மட்டும் சொன்னார், என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று. நான் திரும்ப மைக்கைப் பிடித்து, சொன்னது தவறு என்று அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பெரியவரே ஏரியின் பழைய வரைபடங்களை எப்படிப் படிப்பது என்று இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். ஏரியின் எந்தப் பக்கம் ஆழம், காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையில் அடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காற்றை எதிர்த்துத்தான் படகு விமானம் இறங்கும். காற்றே இல்லாமல் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தால் இன்னும் ஆபத்து, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று விமானியால் கணிக்க முடியாது. ஏரியைத் தெரிந்தவர் சொன்னதையும் விமானத்தைப் பற்றிப் படித்ததையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எங்கே இறங்கியிருக்கும் என்று எனக்கு ஓரளவு பிடிபட்டது.

ஆசை கண்ணை மறைக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் பர்மாவில் இருக்கிறது. 1940-களின் நடுவில் ரங்கூன் மிங்களாடன் விமானத்தளத்தில் பிரிட்டிஷார் டஜன் கணக்கான ஸ்பிட்ஃபயர்களைப் பெட்டியோடு புதைத்துவிட்டுப் போனார்கள் என்று ஓர் இங்கிலாந்து விவசாயி பல ஆண்டுகள் நம்பித் தேடினார். நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். 2013 ஜனவரியில் தொல்லியலாளர்களோடு போய்த் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. அப்படிப் பெட்டிகள் புதைக்கப்பட்டதற்கு ஆவணங்களிலும் ஆதாரம் இல்லை. சாட்சி சொன்னவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெட்டி பார்த்திருப்பார்கள், குழி பார்த்திருப்பார்கள். நடுவில் இருப்பதை நம் ஆசை நிரப்பிக்கொள்கிறது, என் வளையத்தைப் போலவே.

புதைத்தது கிடைக்கவில்லை, குப்பையாகப் போட்டது பறந்தது. இந்தக் கதை நம் நாட்டில் நடந்தது, நம் ஆட்களுக்கே அதிகம் தெரியாது. போர் முடிந்ததும் லிபரேட்டர் என்ற பெரிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில், யாரும் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அவற்றில் தேறுவதைப் பொறுக்கி, பறக்கும் அளவுக்கு ஒப்பேற்றி, பெங்களூருக்கே ஓட்டி வந்து முழுதாகச் சீர்செய்தார்கள். இப்படி ஏறக்குறைய 40 விமானங்கள். 1968 வரை இந்திய விமானப் படை அவற்றை வைத்திருந்தது. இன்று உலக அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய லிபரேட்டர்களில் பல இந்தியாவிலிருந்து போனவை. பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பதும் அப்படித்தான்.

பொருள் வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குக் கை சுட்டது. ‘ஸ்பிட்ஃபயரின் உயரமானி’ என்று ஒருவர் விற்றதை 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பார்க்கப் பழசாகத்தான் இருந்தது. விவரம் தெரிந்தவரிடம் காட்டியபோது, போருக்கு வெகுகாலம் கழித்துச் செய்தது என்றார். வாங்குவதற்கு முன் அடையாளங்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் பொருளில் கிரீடமும் அதன் கீழ் ‘ஏ.எம்.’ என்ற விமான அமைச்சக எழுத்தும் இருக்கும். கருவிகளில் ‘6ஏ’ என்று தொடங்கும் கிடங்கு எண் இருக்கும். கேட்டலினா, லிபரேட்டர் இரண்டையும் செய்தது ஒரே அமெரிக்க நிறுவனம். உதிரிபாகத்தில் அடித்த எண் 28 என்று தொடங்கினால் கேட்டலினா, 32 என்றால் லிபரேட்டர். கட்டைவிரல் அளவுத் தகட்டிலும் அந்த எண் இருக்கலாம், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் துலக்கி அதை அழித்துவிடாதீர்கள். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. அந்தக் காலக் கருவிகளின் முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிரப் பூசியது ரேடியம். ஒளி செத்துப்போயிருக்கும், கதிர்வீச்சு சாகாது. கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள், குழந்தை கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பழைய விமானத்தளத்தில் துருப்பிடித்த குழாய் போல எது கிடந்தாலும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். வெடிக்காத குண்டுக்கு வயதாவதால் சாது ஆகிவிடாது.

தளங்களைத் தேடிப் போவது தனி இன்பம். சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று போர்க்கால ஓடுபாதைகள் நம் பக்கம் நிறைய உண்டு. செயற்கைக்கோள் படத்தில் வயல் வரப்புகளின் கோணல்மாணலுக்கு நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு நேர்க்கோடு தெரியும். சோழவரத்தில் பின்னாளில் கார் பந்தயமே நடந்தது. போவதற்கு முன் அந்த இடம் இன்று யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நான் ஒருமுறை கேட்காமல் வேலி ஓரம் நின்று கேமராவைத் தூக்கி, மூன்று மணி நேரம் காவல் அறையில் உட்கார்ந்து, அன்று எடுத்த எல்லாப் படத்தையும் அழித்துவிட்டு வந்தேன். தவறு என்னுடையது. எழுத்தில் அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தேடும்போது எதிர்பாராமல் கிடைக்கும் சந்தோஷங்களும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத்தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைக்கும். விமானத்தளம் என்றால் பறவைப் பெயர். தாம்பரத்தில் இருந்த தளத்துக்கு என்ன பெயர் தெரியுமா? எச்.எம்.எஸ். வல்லூறு. சூலூர்த் தளத்துக்கு எச்.எம்.எஸ். வைரி. கோயம்புத்தூரில் விமானம் பழுதுபார்த்த இடம் எச்.எம்.எஸ். கருடா. வைரி என்பது பருந்தினத்தில் சின்ன வேட்டைப் பறவை என்று இன்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? யாரோ ஒரு கடற்படை அதிகாரி ஊர்க்காரரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பட்டியலை முதலில் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

2020 ஊரடங்கில் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் தன் மின்னணு ஆவணங்களை இலவசமாகத் திறந்துவிட்டது. ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகள் அங்கே ‘ஏர் 27’ என்ற வரிசையில் இருக்கின்றன. இரண்டு படிவங்கள்: 540 என்பது அன்றாடச் சுருக்கம், 541 என்பது ஒவ்வொரு பறத்தலின் விவரம், அதாவது விமான எண், உள்ளே போனவர்களின் பெயர்கள், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். புதிதாகப் படிப்பவர்கள் நேரத்தில் ஏமாறாதீர்கள். சில பக்கங்கள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், சில உள்ளூர் நேரத்தில். அதிலும் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரம் போருக்காக ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை அல்ல, ஆறரை மணி வித்தியாசம். கிரீன்விச்சில் பகல் 12 என்றால் இங்கே மாலை ஆறரை. “விளக்கு வெக்கிற நேரத்துக்குக் கெளம்பும்” என்று தாத்தா சொன்னதை இந்தக் கணக்குப் போடாமல் படித்திருந்தால் மறுபடியும் தவறு என்று தள்ளியிருப்பேன்.

அதே ஊரடங்கில் 1/72 அளவில் ஒரு கேட்டலினா மாடல் செய்தேன். இறக்கை 44 சென்டிமீட்டர். கண்ணாடிக் கூடுகளைப் பசை படாமல் ஒட்டுவதற்கே ஒரு வாரம் ஆயிற்று. பெட்டியிலிருந்த குறிப்புப்படி வண்ணம் அடித்து, நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு என்று பிரிட்டிஷ் வட்டத்தை ஒட்டினேன்.

2021 பொங்கலுக்கு அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அத்தைப் பாட்டியைப் பார்க்கப் போனேன். தாத்தாவின் கடைசித் தங்கை. 1935-ல் பிறந்தவர்; போரின்போது ஏழிலிருந்து பத்து வயது. பெயர் சொல்லாமல் கையில் கொடுத்தேன். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். பிறகு விலாவிலிருந்த கண்ணாடிக் கூட்டின் மேல் விரலை வைத்தார்.

“இந்த முட்டைக்குள்ள உக்காந்துக்கினு ஒருத்தன் கை ஆட்டுவான்டா. செவந்த மூஞ்சி. சின்னப் பையன். நாங்க மாட்டைக் கரையில உட்டுட்டு நிப்போம். எங்களைப் பாத்துத்தான் ஆட்டுவான்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. புத்தகத்தில் படிக்காத ஒருவருக்கு, அந்தக் கூட்டுக்குள் ஆள் உட்காருவார் என்பது நேரில் பார்த்திருந்தால் மட்டுமே தெரியும். பாட்டி இறக்கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்னாடா இது, செவப்புப் பொட்டு வெச்சிருக்க? இதுக்கு வெள்ளைப் பொட்டுதான். நீல வட்டம், நடுவுல வெள்ளைப் பொட்டு. ‘வெள்ளையில யாரும் பொட்டு வெப்பாங்களா, பாவம்’னு எங்கம்மா சொல்லும்.”

வீட்டுக்கு வந்து படங்களைத் தேடினேன். பாட்டி சொன்னதுதான் சரி. ஜப்பான் விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். சண்டை நடுவே பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவிலுள்ள சிவப்பைப் பார்த்து ஜப்பான்காரன் என்று தன் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று, 1942-43 வாக்கில் இந்தப் பகுதி விமானங்களில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். நீலமும் வெளுத்த நீலமும், அல்லது நீலமும் வெள்ளையும் மட்டும். என் பெட்டியிலிருந்த குறிப்பு ஐரோப்பியக் கடலில் பறந்த விமானத்துக்கானது. போர் விமானம் கீழே விழுந்த கதையை யாராவது சொல்லி, “செவப்பு வட்டம் இருந்துச்சு, அதனால ஜப்பான்காரன்” என்றால் இனி நான் முதலில் கேட்பது எந்த ஆண்டு என்றுதான். 1942-ன் ஆரம்ப மாதங்கள் என்றால் அது பிரிட்டிஷ் விமானமாகவும் இருக்கலாம்.

வட்டத்தைச் சுரண்டி மறுபடி அடித்து, மாசி மாதத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி அதை டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கிளம்பும்போது வாசல்வரை வந்து கேட்டார்: “அந்தக் கை ஆட்டுன பையன் ஊரு போய்ச் சேந்தானாடா?”

இருபத்தைந்து வருடம் விமானங்களைப் படித்திருக்கிறேன். எஞ்சின் எண்ணைக் கேட்டால் சொல்வேன். அந்தக் கேள்வியை மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக நந்தம்பாக்கம் போர் நினைவுக் கல்லறைக்குப் போனேன். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் ஆயிரம் முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாக ஒரே உயரத்துக் கற்கள். விமானப் படைக்காரர் என்றால் கல்லில் கழுகுச் சின்னம் இருக்கும். வயது 20, 21, 23. அடுத்தடுத்த கற்களில் ஒரே தேதி வந்தால் நின்று பாருங்கள். ஒரே விமானத்தில் போனவர்களாக இருக்கலாம். ஆனால் அடக்கம் செய்த இடத்தை வைத்து இறந்த இடத்தை முடிவு செய்யாதீர்கள். 1952-ல் இந்தக் கல்லறையை அமைத்தபோது தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர்களில் இருந்த கல்லறைகளை இங்கே மாற்றினார்கள். கடலில் காணாமல் போனவர்களுக்குக் கல்லே கிடையாது. அவர்கள் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில், 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் கல்லறைப் பெயரையோ தேதியையோ கொடுத்துத் தேடலாம்.

இப்போது ராத்திரியில் நான் செய்வது இதுதான். 541 படிவத்திலிருந்து கேட்டலினாவில் போன ஒவ்வொருவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். கல்லறைப் பதிவேட்டில் இல்லாவிட்டால் பெயருக்கு எதிரில் ஒரு டிக். இருந்தால் தேதி. கண்ணாடிக் கூட்டில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் துப்பாக்கி வீரராகவோ வானொலி ஆளாகவோ இருந்திருப்பார் என்பதால் அந்தப் பெயர்களுக்குக் கீழே கோடு. கையெழுத்து மங்கிய இடத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. டிக்குகள்தான் அதிகம்.

போன வாரம் பாட்டிக்குப் போன் செய்து, 1943 முடிந்தது, நிறையப் பேர் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், இவன்தான் அவன் என்று சொல்ல முடியவில்லை, 44-ல் பாதிதான் பார்த்திருக்கிறேன் என்றேன்.

“சரி, மீதியையும் பாத்துட்டுச் சொல்லு” என்றார்.